போறணை வேண்டாம், பேய் போதும்: பிள்ளைகளோடு செய்யும் ஹலோவீன் பிஸ்கட் புடிங்

கொழும்பில் பிள்ளைகள் வளரும் வீடென்றால் பிஸ்கட் புடிங் ஒருமுறையாவது செய்திருப்பார்கள். மேரி பிஸ்கட், பட்டர், ஐசிங் சீனி, கொக்கோ, கொஞ்சம் பால், அவ்வளவுதான். போறணை தேவையில்லை, அடிக்கிற மெஷின் தேவையில்லை. ஒக்டோபர் 31 ஹலோவீனுக்குப் பேய்ப் பண்டம் ஏதாவது செய்து தரச்சொல்லிப் பிள்ளை கேட்டால், புதிதாக எதையும் தேடி அலையாமல் இந்தப் புடிங்கையே கையில் எடுங்கள். அதன் நிறமே சேற்றின் நிறம். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடுகிறது.

ஹலோவீன் பண்டம் என்றதும் பலர் செய்வது மயானம். மண்ணுக்குப் பிஸ்கட் தூள், மேலே பிஸ்கட்டில் கல்லறைக் கல், அதில் எழுத்து. அதை நான் செய்யச் சொல்லமாட்டேன். நவம்பர் 2 கத்தோலிக்கர்களின் கல்லறைத் திருநாள். ஹலோவீன் கழிந்து இரண்டாம் நாளே கொட்டாஞ்சேனையிலும் மட்டக்குளியிலும் இருந்து குடும்பம் குடும்பமாகப் பூவும் மெழுகுதிரியும் எடுத்துக்கொண்டு மயானத்துக்குப் போவார்கள். உங்கள் பிள்ளையோடு படிக்கும் ஒரு பிள்ளையும் அன்று தன் அம்மம்மாவின் கல்லறையில் திரி கொளுத்திக்கொண்டிருக்கும். அதையே இனிப்பாகச் செய்து கரண்டியால் கிண்டிச் சாப்பிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அதற்குப் பதிலாக ஒரு சதுப்பு நிலம் செய்யுங்கள். கொழும்பு சதுப்பின் மேல் வளர்ந்த நகரம். ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச ராம்சார் உடன்படிக்கையின் கீழ் 2018இல் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்த முதல் நகரங்களில் கொழும்பும் ஒன்று. பெத்தகான ஈரநிலப் பூங்காவுக்கோ முத்துராஜவெல சதுப்பு நிலத்துக்கோ போன பிள்ளைக்குச் சேறு, நாணல், தவளை முட்டை எல்லாம் ஏற்கனவே தெரியும். சதுப்பு இருக்கும் இடத்தில் எங்கள் கதைகளில் யார் வருவார்? கொள்ளிவாய்ப் பிசாசு. இரவில் வாயில் நெருப்போடு அலையும் பேய்.

இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது அயர்லாந்துக் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஹலோவீனின் வேர் அயர்லாந்திலும் ஸ்கொட்லாந்திலும் வாழ்ந்த கெல்ட் மக்களின் சம்ஹெய்ன் என்ற அறுவடை முடிவுப் பண்டிகையில் இருக்கிறது. பின்னர் அது நவம்பர் 1 வரும் சகல புனிதர் திருநாளின் முதல் நாள் இரவோடு சேர்ந்துகொண்டது. அங்கே ஜாக் என்று ஒரு கஞ்சன் சாத்தானையே ஏமாற்றினானாம். செத்தபிறகு சொர்க்கத்திலும் இடமில்லை, நரகத்திலும் இடமில்லை. குடைந்த டர்னிப் கிழங்குக்குள் ஒரு தணலைப் போட்டுப் பிடித்துக்கொண்டு இருட்டில் அலைகிறானாம். அதனால்தான் அங்கே டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தார்கள். அமெரிக்காவுக்குப் போய்க் குடியேறியவர்களுக்கு அங்கே பெரிய பூசணிக்காய் கிடைத்தது, விளக்கும் அதற்குள் மாறியது. நெருப்போடு அலையும் பேய் அங்கேயும் உண்டு, இங்கேயும் உண்டு என்று கேட்டதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். இனி அந்தப் பேயைக் கோப்பைக்குள் இறக்கலாம்.

தேவையானவை

200 மில்லிலீட்டர் கொள்ளும் 8 கண்ணாடிக் கோப்பைகளுக்கான அளவு இது. கண்ணாடி இல்லாவிட்டால் தெளிவான பிளாஸ்டிக் கப், அல்லது கழுவி வைத்த யோகட் கப். வெளியிலிருந்து அடுக்குகள் தெரிந்தால் பிள்ளைகளுக்கு அதிக சந்தோசம். ஒரே பெரிய புடிங்காக வேண்டுமென்றால் தயிர் வாங்கிய மண்சட்டியைத் தேய்த்துக் கழுவி நன்றாகக் காயவிட்டு அதிலேயே செய்யலாம். சூனியக்காரியின் பானைபோலவே இருக்கும். ஆனாலும் முதல்முறை செய்பவர்களுக்குத் தனித்தனிக் கோப்பைதான் நல்லது. "இது என்ர பேய்" என்று சொல்ல ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்று இருக்கும், சண்டையும் வராது.

சேற்றுக்கு: பெரிய பக்கற் மேரி பிஸ்கட் ஒன்று, உப்பில்லாத பட்டர் 125 கிராம், ஐசிங் சீனி 175 கிராம், கொக்கோ தூள் 6 மேசைக்கரண்டி, பால் 100 மில்லிலீட்டர், வனிலா 1 தேக்கரண்டி. பிஸ்கட் தோய்க்க இன்னொரு கோப்பைப் பாலில் 2 தேக்கரண்டி மைலோ கரைத்துக்கொள்ளுங்கள். மேலே தூவும் மண்ணுக்குத் தனியாக 2 மேசைக்கரண்டி கொக்கோ.

பேய்களுக்கு: கடற்பாசித் (அகர் அகர்) தண்டு 8 கிராம், அல்லது கடற்பாசித் தூள் மட்டமாக 2 தேக்கரண்டி. தண்ணீர் 250 மில்லிலீட்டர், கெட்டித் தேங்காய்ப்பால் 250 மில்லிலீட்டர், சீனி 4 மேசைக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு, ஒரு துண்டு ரம்பை.

அலங்காரத்துக்கு: கறுப்பு எள்ளு, கசகசா 2 தேக்கரண்டி, ரோஸ் சிரப், நன்றாகப் பழுத்த ஒரு சின்னப் பப்பாசி, நீளமான ரம்பை இலைகள், கொஞ்சம் டின்பால். இங்கே கசகசா என்பது பலூடாவில் போடும் கறுப்பு விதை. பலூடாவுக்குச் சாமான் விற்கும் எந்தக் கடையிலும் இருக்கும். வெள்ளவத்தை காலி வீதிக் கடைகளிலேயே இந்தப் பட்டியல் முழுவதையும் வாங்கிவிடலாம்.

வாங்காமல் விடவேண்டியதும் ஒன்று இருக்கிறது. ஹலோவீன் சீசனுக்கு வரும் குட்டிப் பிளாஸ்டிக் சிலந்தி, பிளாஸ்டிக் பல்லி. சாப்பாட்டின் மேல் வைப்பதற்கு அவை செய்யப்படவில்லை, சின்னப் பிள்ளையின் தொண்டையில் சிக்கும் அளவிலும் இருக்கின்றன. கறுப்புச் சாயமும் வேண்டாம். நாக்கும் பல்லும் உடுப்பும் கறுத்துப்போகும். கொக்கோவே போதுமான அளவு கறுப்பு.

ஏன் கடற்பாசி, ஏன் ஜெலற்றின் இல்லை

வெளிநாட்டுக் குறிப்புகளைப் பார்த்துச் செய்பவர்கள் கொழும்பில் சறுக்குவது இங்கேதான். அவர்கள் ஜெலற்றினிலும் மார்ஷ்மெலோவிலும் பேய் செய்கிறார்கள். ஜெலற்றின் உடல் சூட்டிலேயே உருகிவிடும். அதனால்தான் வாயில் கரைகிறது. ஒக்டோபர் கடைசியில் இங்கே பகலில் 30 பாகை இருக்கும், புழுக்கமும் சேரும். பிரிட்ஜிலிருந்து எடுத்து மேசையில் வைத்துப் பாட்டுப் பாடி முடிப்பதற்குள் பேய் இளகிச் சரிந்துவிடும். கடற்பாசி அப்படியில்லை. 40 பாகைக்குக் கீழே வரும்போது தானாகவே இறுகும், இறுகியபின் 85 பாகை வரை சூடேறினால்தான் மறுபடி உருகும். பிரிட்ஜ் இல்லாமலே குசினி மேசையில் உறையும். மாலை இடிமழையில் கரண்ட் போனாலும் உங்கள் பேய்கள் நின்றபடியே நிற்கும்.

இன்னொரு காரணம் எனக்கு இதைவிட முக்கியம். ஜெலற்றின் பெரும்பாலும் மாட்டின் அல்லது பன்றியின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுப்பது. கொழும்பில் ஒரு பிறந்தநாள் மேசையைச் சுற்றி முஸ்லிம் பிள்ளை, சைவச் சாப்பாடு மட்டும் சாப்பிடும் பிள்ளை, எல்லாம் சாப்பிடும் பிள்ளை என்று எல்லோரும் இருப்பார்கள். கடற்பாசி கடலில் வளரும் பாசியிலிருந்து வருவது, எல்லோரும் சாப்பிடலாம். முஸ்லிம் வீடுகளில் நோன்பு காலத்தில் கடப்பாசி எப்படியும் இருக்கும். பக்கத்து வீட்டு ராத்தாவிடம் கேட்டால் உங்களைவிட நன்றாகச் சொல்லித் தருவார். புடிங்கில் முட்டையும் சேர்ப்பதில்லை. சிலர் பிஸ்கட் புடிங்கின் பட்டர் கலவைக்குப் பச்சை முட்டை அடித்து ஊற்றுவார்கள். சின்னப் பிள்ளைகள் சாப்பிடுவதில் அது வேண்டவே வேண்டாம். ஐப்பசியில் கந்தசஷ்டி விரதம் ஹலோவீன் நாட்களோடு முட்டும் வருடங்களும் உண்டு. முட்டை இல்லாத புடிங் என்றால் அந்த வீடுகளிலும் மனச்சங்கடம் இல்லை.

முதல்நாள் மாலை: பேய்களை உறைய வைத்தல்

எல்லாவற்றையும் ஒரே இருப்பில் செய்ய முயலாதீர்கள். பிள்ளைகளின் பொறுமை ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நிற்காது. முதல்நாள் கடற்பாசி, மறுநாள் புடிங்.

இந்தப் புடிங்கில் அடுப்பு எரிவது இரண்டே இடத்தில், கடற்பாசி கரைக்கவும் பால் சுடவைக்கவும். இரண்டுமே பெரியவர்களின் வேலை. கொதிக்கும் கடற்பாசி தோலில் பட்டால் வழிந்து போகாது, ஒட்டிக்கொண்டு சுடும். பிள்ளைகளை அடுப்புக்கு எட்டாத தூரத்தில் ஒரு கதிரையில் இருத்தி, நேரம் பார்க்கும் வேலையைக் கொடுங்கள்.

கடற்பாசித் தண்டைக் கத்தரிக்கோலால் சின்னத் துண்டுகளாக வெட்டி அரை மணித்தியாலம் தண்ணீரில் ஊறவிடுங்கள். வெட்டுவதைப் பிள்ளைகளே செய்யலாம். காய்ந்த தண்டு கையில் சரசரக்கும், ஊறியபின் வழுவழுக்கும். அந்த மாற்றத்தைத் தொட்டுப் பார்க்க விடுங்கள். பிறகு ஊறிய தண்ணீரை வடித்துவிட்டு, அளந்த 250 மில்லிலீட்டர் தண்ணீரில் போட்டு, ரம்பையும் சேர்த்து, சின்ன நெருப்பில் கிண்டிக்கொண்டே கொதிக்க விடுங்கள். ஒரு இழைகூடத் தெரியாமல் முழுக்கக் கரையவேண்டும். தண்டென்றால் 10 நிமிடம் வரை எடுக்கும், தூளென்றால் 2 அல்லது 3 நிமிடம். சீனியும் உப்பும் சேர்த்துக் கரையுங்கள்.

தேங்காய்ப்பாலை இன்னொரு சட்டியில் இளஞ்சூடாக்கி வைத்திருக்க வேண்டும். இதை மட்டும் மறக்கக்கூடாது. குளிர்ந்த பாலை ஊற்றினால் கடற்பாசி ஊற்றிய இடத்திலேயே நூல் நூலாக இறுகிவிடும், பிறகு எவ்வளவு கிண்டினாலும் மழமழப்பாக வராது. சூடான பாலை ஊற்றிக் கலந்து, ஆவி கிளம்பியதும் இறக்குங்கள். கொதிக்கவிட்டால் தேங்காய்ப்பால் திரியும். ரம்பையை எடுத்துவிட்டு, ஒரு குளிர்ந்த தட்டில் ஒரு துளி விட்டுப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் இறுகி, விரலால் தள்ளினால் முழுதாக நகர்ந்தால் பதம் சரி. தண்ணீராகவே நின்றால் இன்னும் கொஞ்சம் தூளைச் சுடுதண்ணீரில் தனியே காய்ச்சிச் சேர்க்கவேண்டும்.

ஏறக்குறைய 20 சென்ரிமீட்டர் நீளமும் 15 சென்ரிமீட்டர் அகலமும் உள்ள தட்டையான டிஷ் ஒன்றைத் தண்ணீரில் நனைத்து உதறிவிட்டு இதை ஊற்றுங்கள். ஒன்றரைச் சென்ரிமீட்டர் தடிப்பில் நிற்கும். மேலே குமிழி இருந்தால் பல்லுக்குச்சியால் குத்தி உடைக்கப் பிள்ளைகளிடம் கொடுங்கள், டிஷ்ஷைத் தொடாமல். அரை மணித்தியாலத்தில் இறுகிவிடும். மூடி பிரிட்ஜில் வைத்துவிட்டுப் படுக்கப் போகலாம். கொள்ளிவாய்ப் பிசாசின் கதையை அன்றிரவு சொல்வதா, மறுநாள் வெளிச்சத்தில் சொல்வதா என்பதை உங்கள் பிள்ளையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பயந்த சுபாவமுள்ள பிள்ளைக்குப் பகல்தான் நல்லது.

மறுநாள்: சேறு

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தொடங்கினால் ஆறு மணிக்குச் சாப்பிடலாம். எல்லோரும் சோப் போட்டுக் கை கழுவி, பழைய ரீசேட் போட்டுக்கொள்ளட்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கரண்டி, நக்கிய கரண்டி திரும்பச் சட்டிக்குள் போகக்கூடாது. நக்கித்தான் பார்ப்பார்கள். அதற்கென்று ஓரமாக ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் எடுத்துக் கொடுத்துவிட்டால் மற்றது தப்பும்.

மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு மண் செய்யும் வேலை. 10 மேரி பிஸ்கட்டைக் கெட்டியான பொலித்தீன் பையில் போட்டு வாயைக் கட்டி, உருட்டுக் கட்டையால் தட்டவிடுங்கள். முழுக்கத் தூளாகத் தேவையில்லை. கல்லும் கட்டியுமாக இருந்தால்தான் சதுப்பு மண்போல இருக்கும். 2 மேசைக்கரண்டி கொக்கோவைப் போட்டுப் பையைக் குலுக்கினால் மண் தயார். சொக்லட் கிரீம் பிஸ்கட்டின் கிரீமை வழித்துவிட்டு உடைப்பவர்களும் உண்டு. எனக்கு மேரியும் கொக்கோவும்தான் பிடித்தது. கீழே இருக்கும் கிரீம் நன்றாக இனிப்பதால் மேலே கொஞ்சம் கசப்பு வேண்டும்.

அதே சின்னவர்களுக்கு இரண்டாவது வேலை தவளை முட்டை. கசகசாவை ஒரு கோப்பைத் தண்ணீரில் போட்டுக் கால் மணித்தியாலம் பார்க்கச் சொல்லுங்கள். முதலில் ஒவ்வொரு விதையையும் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஒரு மெல்லிய வளையம் தோன்றும். பிறகு அது கண்ணாடிபோல வீங்கி, நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி மட்டும் நிற்கும். குளத்தோரம் பார்த்த தவளை முட்டைக்கும் இதற்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. வடித்து, ஒரு கரண்டி சீனி கலந்து வையுங்கள். ஊறாத கசகசாவைப் பிள்ளைகள் வாயில் போடவிடாதீர்கள், தொண்டைக்குள் போய் வீங்கும்.

ஏழெட்டு வயதுக்கு மேற்பட்டவர்கள் கிரீம் செய்யட்டும். 100 மில்லிலீட்டர் பாலை நீங்கள் நன்றாகச் சுடவைத்து, 6 மேசைக்கரண்டி கொக்கோவில் ஊற்றிக் குழைத்துக் கொடுங்கள். சூடான பாலில் குழைத்தால் கொக்கோவின் நிறமும் மணமும் கூடும். ஆனால் அது முழுக்க ஆறியபிறகே பட்டரோடு சேரவேண்டும். ஆறமுதல் சேர்த்தால் பட்டர் எண்ணெயாகிப் பிரியும். பட்டரை வெளியே எடுத்து வைத்தால் இந்தச் சூட்டில் கால் மணித்தியாலத்தில் விரல் பதியும் பதத்துக்கு வந்துவிடும், அதற்குமேல் விடாதீர்கள். ஐசிங் சீனியை அரிதட்டில் அரித்து, பட்டரோடு மரக்கரண்டியால் அடித்து, வெளுத்து வந்ததும் ஆறிய கொக்கோக் குழம்பைக் கரண்டி கரண்டியாகச் சேர்த்து, கடைசியில் வனிலா. திரிந்ததுபோல் தெரிந்தால் பேசினை இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஒரு நிமிடம் வைத்து அடியுங்கள், கூடிவரும். தண்ணீர்ப்பதமாகப் போனால் பிரிட்ஜில் கால் மணித்தியாலம்.

பிஸ்கட் தோய்ப்பதுதான் பிஸ்கட் புடிங்கின் உயிர். மைலோப் பாலில் அதிக நேரம் விட்டால் பிஸ்கட் உடைந்து பாலோடு பாலாகிவிடும். தோய்க்காமல் வைத்தால் நடுவில் கடகடவென்று கடிபடும். பிள்ளைகளுக்கு ஒரு கணக்குச் சொல்லிக் கொடுங்கள்: பிஸ்கட்டைப் பாலில் அமிழ்த்தி "ஒரு பேய், இரண்டு பேய்" என்று சொல்லி முடித்ததும் தூக்கிவிட வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளைகூட இதைச் சரியாகச் செய்யும். பால் ஆறியிருக்கட்டும், சூட்டில் பிஸ்கட் இன்னும் வேகமாக இளகும்.

ஒவ்வொரு கோப்பையிலும் முதலில் ஒரு கரண்டி கிரீம், மேலே தோய்த்த பிஸ்கட் ஒன்றரை, மறுபடி கிரீம், மறுபடி ஒன்றரை, கடைசியில் கிரீம். பிஸ்கட் வட்டம் கோப்பைக்குள் இறங்காவிட்டால் உடைத்துப் போடலாம். அடுக்கு கோணலாக இருந்தால் நேராக்கப் போகாதீர்கள். சேறு நேராக இருக்காது. மேலே இரண்டு விரல் இடம் விட்டு, மூடி, குறைந்தது இரண்டு மணித்தியாலம் பிரிட்ஜில் வையுங்கள். கரண்ட் நின்றால் பிரிட்ஜைத் திறந்து திறந்து பார்க்காமல் விட்டாலே குளிர் நிற்கும்.

பேய்களுக்கு உயிர் கொடுத்தல்

புடிங் இறுகும் நேரத்தில் பேய் வெட்டலாம். கடற்பாசித் தகட்டை டிஷ்ஷிலிருந்து ஒரு பலகையில் கவிழ்த்துக் கொட்டுங்கள். ஓரத்தைக் கத்தியால் ஒருமுறை சுற்றி விட்டாலே கழன்று விழும். ஒவ்வொரு பேயும் 5 சென்ரிமீட்டர் உயரம், 3 சென்ரிமீட்டர் அகலம். இந்தத் தகட்டில் 20 வரை வரும். தலை வளைவு, அடி நெளிநெளி. மொட்டைக் கத்தியோ பிளாஸ்டிக் கத்தியோ போதும், இது வெண்ணெய்போல வெட்டுப்படும். கத்தி பிடிக்க முடியாத சின்னவர்களுக்குப் போத்தல் மூடியைக் கொடுத்தால் வட்டப் பேய் வெட்டுவார்கள்.

கண்ணுக்குக் கறுப்பு எள்ளு. விரல் நுனியை நனைத்து ஒரு எள்ளைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளும், அதைப் பேயின் முகத்தில் மெதுவாக அமத்தினால் போதும். இந்த இடத்தில் அவசரப்படாமல் பிள்ளைகளைக் கவனியுங்கள். எள்ளு நிமிர்ந்து நின்றால் பேய் முழிக்கும், படுத்தால் தூங்கும், சரிந்தால் கடைக்கண்ணால் பார்க்கும். "அம்மா, என்ர பேய்க்குக் கண் கோணலாப் போச்சு" என்று அழ வெளிக்கிட்ட பிள்ளையிடம், பேயை நேருக்கு நேர் பிடித்து "இது யாரைப் பாக்குது?" என்று கேளுங்கள். அழுகை நின்று, அந்தப் பேய்க்குப் பெயரும் வந்துவிடும். பெரியவர்கள் கை வைத்துத் திருத்திய பேய் அழகாக இருக்கும், பயம் தராது. கோணல் கண்ணும் பிய்ந்த ஓரமும் உள்ள பிள்ளைகளின் பேயே உண்மையில் திகிலாக இருக்கிறது. அதனால் இந்தக் கட்டத்தில் உங்கள் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். எள்ளு ஒவ்வாத பிள்ளை இருந்தால், கொக்கோவில் இரண்டு துளி தண்ணீர் விட்டுக் குழைத்துப் பல்லுக்குச்சியால் புள்ளி வைக்கலாம்.

எல்லாப் பேயும் கொள்ளிவாயாக இருக்கவேண்டும் என்றில்லை. வெள்ளைச் சேலையோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இரவில் தெருவில் நிற்கும் மோகினியைக் கேட்டறிந்த பிள்ளை, பெரிய பேயின் பக்கத்தில் ஒரு குட்டிப் பேயை ஒட்டிவைக்கும். சிரிக்கும் பேய்தான் வேண்டுமென்று அடம்பிடிக்கும் பிள்ளைக்குச் சிரிக்கும் பேயே இருக்கட்டும்.

சதுப்பை எழுப்புதல்

இது சாப்பிடப்போகும் நேரத்தில், கடைசி அரை மணித்தியாலத்தில் செய்வது. முன்கூட்டியே செய்தால் மண் கிரீமின் ஈரத்தை இழுத்துச் சொதசொதத்துவிடும்.

கோப்பைகளை வெளியே எடுத்து, நடுவில் சின்னக் கரண்டியால் கீறி இடம் செய்து, பேயின் அடி ஒரு சென்ரிமீட்டர் கிரீமுக்குள் புதையும்படி நட்டு, சுற்றிப் பிஸ்கட் மண்ணைப் போட்டு அமத்துங்கள். நிற்கும். ஒரு ஓரத்தில் மண் போடாமல் விட்டு அங்கே இரண்டு கரண்டி தவளை முட்டை. அதுதான் குளம். ரம்பை இலையைக் கழுவித் துடைத்து, ஒரு நுனி கூராக இருக்கும்படி நீளநீளமாக வெட்டிக் குளத்தோரம் குத்தினால் நாணல். சாப்பிடமுதல் அதை எடுத்துவிடவேண்டும் என்று பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள். ரம்பை வாசம் தேங்காய்ப்பால் பேயோடு சேர்ந்து வரும்போது கோப்பைக்கு மேலே முகத்தைக் கொண்டுபோனாலே பசிக்கும்.

இனி நெருப்பு. பப்பாசியின் நல்ல செம்மஞ்சள் பகுதியில் நகத்தளவு முக்கோணங்களாக வெட்டி, பேயின் வாய் இருக்கவேண்டிய இடத்தில் கத்தி நுனியால் சின்னக் கீறல் போட்டு, முக்கோணத்தின் கூர் வெளியே தெரியும்படி செருகுங்கள். தேங்காய்ப்பால் வெள்ளையில் அந்தச் செம்மஞ்சள் உண்மையாகவே தணல்போல எரியும். இதுவும் கடைசி நிமிட வேலைதான். பப்பாசியில் உள்ள நொதி பாலின் புரதத்தை உடைக்கும், பால் பட்ட இடத்தில் பப்பாசி நெடுநேரம் கிடந்தால் கசப்பு ஏறும். பரிமாறமுன் செருகினால் ஒன்றும் ஆகாது.

சிலந்தி வலை வேண்டுமென்று கேட்கும் பிள்ளைக்கு ஒரு கோப்பையை மண் தூவாமல் விடுங்கள். சின்னப் பொலித்தீன் பையின் மூலையில் ஊசித்துவாரம் அளவு வெட்டி, டின்பாலை நிரப்பி, குளிர்ந்த கிரீமின் மேல் வட்டத்துக்குள் வட்டமாக மூன்று கோடு. பல்லுக்குச்சியை நடுவிலிருந்து ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு வந்தால் ஒவ்வொரு இழுப்புக்கும் வலை விரியும். கிரீம் குளிர்ந்திருந்தால்தான் கோடு நிற்கும். இரத்தம் கேட்பவர்களுக்கு ரோஸ் சிரப், கோப்பையின் உள்விளிம்பிலிருந்து இரண்டு துளி வழியவிட்டால் போதும். அதற்குமேல் விட்டால் இனிப்பு தாங்காது.

டின் லைச்சிப் பழத்துக்குள் முந்திரிகைப் பழம் (திராட்சை) வைத்துக் கண்முழி செய்வதையும் பலர் விரும்புகிறார்கள். பார்க்க நல்ல பயங்கரம். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் இருக்கும் மேசையில் முழுதாக வைக்காதீர்கள், நீளவாக்கில் நான்காக வெட்டிக் கொடுங்கள். உருண்டையான, வழுக்கும் பண்டம் எதுவும் அந்த வயதில் மூச்சுக்குழாயை அடைக்கும். கடற்பாசிப் பேயையும் அவர்களுக்குச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டிக் கொடுத்து, இருந்து சாப்பிட வையுங்கள். ஓடிக்கொண்டே சாப்பிட விடவேண்டாம்.

பால் ஒவ்வாத பிள்ளை வருகிறதென்றால் அந்த ஒரு கோப்பைக்கு மட்டும் பட்டருக்குப் பதில் பால் சேராத மாஜரினும், பாலுக்குப் பதில் மைலோ சேர்க்காத தேங்காய்ப்பாலும் பாவியுங்கள், பிஸ்கட்டின் பின்பக்கத்தையும் வாசித்துப் பாருங்கள். அந்தக் கோப்பையை முதலில் செய்து, பெயர் எழுதித் தனியே வைத்துவிட்டால் கரண்டி மாறாது.

மேசைக்கு வந்ததும் வீட்டு விளக்கை அணைத்து, கோப்பைகளுக்குப் பின்னால் ஒரு டோர்ச் லைட்டைப் படுக்கவைத்துப் பாருங்கள். பேய்களின் நிழல் சுவரில் பெரிதாக விழும். மெழுகுதிரி வேண்டாம், பிள்ளைகள் கையை நீட்டும் மேசை அது. படம் எடுப்பதென்றால் அப்போதே எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு முழுப்பேய் கிடைக்காது.

பாலும் கிரீமும் சேர்ந்த பண்டம் என்பதால் வெளியே இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வைக்கக்கூடாது. மின்விசிறி இல்லாத புழுக்கமான இடத்தில் ஒரு மணித்தியாலமே அதிகம். மிஞ்சியதில் பப்பாசியையும் ரம்பையையும் எடுத்துவிட்டு மூடிப் பிரிட்ஜில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும். இரண்டாம் நாள் கடற்பாசியிலிருந்து கொஞ்சம் தண்ணீர் கசிந்து நிற்கும், அது பழுதாகிவிட்டதன் அடையாளமில்லை, வடித்துவிட்டுச் சாப்பிடலாம். பிரீசரில் மட்டும் வைக்காதீர்கள். கடற்பாசி உறைந்து உருகினால் சல்லடையாகிவிடும். பேய் வெட்டிய மிச்ச ஓரங்களை எறியவேண்டியதில்லை. சின்னத் துண்டாக வெட்டி, மிஞ்சிய கசகசாவோடும் ரோஸ் சிரப்போடும் குளிர்ந்த பாலில் போட்டால் அடுத்தநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளுக்குப் பலூடா.